சுவிட்ச் ரீபூட் ஆனதும் எம்ஆர்டிஜி வரைபடங்கள் ஏன் இடம் மாறுகின்றன? கான்ஃபிக் கோப்பைக் கையால் எழுதலாமா?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 48 போர்ட் சுவிட்ச் ஒன்றைக் கண்காணிக்க, டிராஃபிக்கை வரைபடமாக்கும் எம்ஆர்டிஜி மென்பொருளை நிறுவி, அதனுடன் வரும் சிஎஃப்ஜிமேக்கர் கட்டளையை ஓட்டி கான்ஃபிக் கோப்பை எடுத்திருக்கிறீர்கள். மூன்று தொல்லைகள். கோப்பில் பாதிக்கு மேல் போர்ட்டுகள் கமென்ட் ஆகி, அதாவது # குறியால் முடக்கப்பட்டு, கிடக்கின்றன. சுவிட்ச்சை மேல் நெட்வொர்க்கோடு இணைக்கும் ஒரு ஜிகாபிட் அப்லிங்க்கின் வரைபடம், லைன் நிரம்பி வழியும் நேரத்தில் ஏறுவதற்குப் பதில் இறங்குகிறது. சுவிட்ச் ரீபூட் ஆனபின் ஒரு போர்ட்டின் பக்கத்தில் இன்னொரு போர்ட்டின் டிராஃபிக் தெரிகிறது. இந்தக் கட்டளையை நம்புவதை விட்டுவிட்டு முழுக்கக் கையால் எழுதிவிடலாமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. உண்மையில் நீங்கள் கேட்பது வேறு என்று நினைக்கிறேன்: கட்டளை தந்த கோப்பில் கை வைத்தால் அடுத்த முறை ஓட்டும்போது திருத்தமெல்லாம் போய்விடுகிறது, கை வைக்காவிட்டால் கோப்பு சரியாக இல்லை, என்னதான் செய்வது?

கோப்பைக் கட்டிக் காக்காதீர்கள், அதை உருவாக்கும் கட்டளையைக் கட்டிக் காத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். சிஎஃப்ஜிமேக்கரை வெறுமனே கம்யூனிட்டி பெயரும் (சுவிட்ச்சிடம் விவரம் கேட்கக் கடவுச்சொல் போல இருப்பது) சுவிட்ச் பெயரும் மட்டும் கொடுத்து ஓட்டினால் உங்கள் மூன்று தொல்லைகளும் வர வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அதன் இயல்பிருப்பு அப்படி. சரியான விருப்பங்களோடு ஓட்டினால் மூன்றில் இரண்டு கட்டாயம் போய்விடும். மூன்றாவதான அப்லிங்க் வரைபடத்துக்கு இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும். எது என்று உங்கள் பதிவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, ஆனால் இரண்டே நிமிடத்தில் நீங்களே கண்டுபிடிக்கலாம். இங்கே கட்டளைகளையும் விருப்பங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். தட்டச்சும்போது விருப்பங்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில், முன்னால் இரட்டைக் கோடு வைத்து அடியுங்கள்.

கோப்பை ஓட்டி எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. கண்காணிக்கும் கணினியிலிருந்து எஸ்என்எம்பிவாக் கட்டளை கொண்டு (எஸ்என்எம்பி என்பது நெட்வொர்க் சாதனங்களிடம் விவரம் கேட்கும் நெறிமுறை) சுவிட்ச்சை நேரடியாகக் கேட்டுப் பாருங்கள். பதிப்பு 2சி, உங்கள் கம்யூனிட்டி, சுவிட்ச்சின் முகவரி, கடைசியில் 1.3.6.1.2.1.2.2.1.2 என்ற எண்கோவை. இது இன்டர்ஃபேஸ்களின் விவரணைப் பட்டியல். எண்ணாகவே கொடுக்கச் சொல்வதற்குக் காரணம், டெபியன் வகை லினக்ஸ் விநியோகங்களில் எண்கோவைகளுக்குப் பெயர் தரும் மிப் கோப்புகள் உடன் வருவதில்லை, பெயர் கொடுத்தால் புரியவில்லை என்று திரும்பிவிடும். 48 வரிகளும் கூடவே விஎல்ஏஎன் (சுவிட்ச்சுக்குள் பிரித்த மெய்நிகர் நெட்வொர்க்) வரிகளும் வந்தால் வழி சரி. ஒன்றுமே வராமல் டைம்அவுட் ஆனால் கம்யூனிட்டி தவறாக இருக்கலாம், எஸ்என்எம்பி பயன்படுத்தும் யுடிபி 161 எங்காவது அடைபட்டிருக்கலாம், சுவிட்ச்சின் அனுமதிப் பட்டியலில் உங்கள் கணினி இல்லாமல் இருக்கலாம். தவறான கம்யூனிட்டிக்கு எஸ்என்எம்பி ஏஜென்ட் 'தவறு' என்று சொல்லாது, வாயே திறக்காது. அதனால் இந்த மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

சுவிட்ச்சோடு சேர்த்து லினக்ஸ் சர்வர் எதையாவது கண்காணிக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு பொறியும் உண்டு. டெபியனில் எஸ்என்எம்பி கேள்விகளுக்குப் பதில் சொல்லும் எஸ்என்எம்பிடி நிரலை நிறுவியவுடன் அது 127.0.0.1-இல், அதாவது அதே கணினிக்குள், மட்டுமே கேட்கும். அதைத் திறந்துவிட்டாலும், பொதுக் கம்யூனிட்டிக்குத் தெரிவது கணினியின் பெயர், விவரம் போன்ற அடிப்படைத் தகவல் மட்டுமே, இன்டர்ஃபேஸ் அட்டவணை தெரியாது. சிஎஃப்ஜிமேக்கர் அப்போது பிழை காட்டாமல் ஓடி முடிந்துவிடும். கோப்பின் தலையில் கணினியின் விவரம் அழகாக இருக்கும், கீழே ஒரு டார்கெட்கூட (கண்காணிக்க வேண்டிய இன்டர்ஃபேஸின் பதிவு) இருக்காது. 'கட்டளை ஓடியது, கோப்பு காலி' என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இதுதான் கதை. எஸ்என்எம்பிடி கான்ஃபிக்கில் அந்தக் கம்யூனிட்டி வரியின் கடைசியில் உள்ள 'சிஸ்டம்ஒன்லி' கட்டுப்பாட்டை மாற்றி இன்டர்ஃபேஸ் கிளைகளையும் திறக்க வேண்டும்.

இனி ரீபூட் விஷயம். மூன்றில் இதுதான் முக்கியம், காரணமும் உறுதியானது. சிஎஃப்ஜிமேக்கர் இயல்பாக ஒவ்வொரு இன்டர்ஃபேஸையும் அதன் வரிசை எண்ணால், அதாவது இஃப்இண்டெக்ஸால் குறிக்கும். உங்கள் கோப்பைத் திறந்தால் டார்கெட் வரி '10:கம்யூனிட்டி@சுவிட்ச்:' என்கிற மாதிரி இருக்கும். அந்த 10 என்பது சுவிட்ச்சின் பத்தாவது போர்ட் அல்ல, சுவிட்ச்சின் மென்பொருள் அந்தப் போர்ட்டுக்கு இன்றைக்குக் கொடுத்திருக்கும் எண். இன்டர்ஃபேஸ்களுக்கான இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 2863 கேட்பதெல்லாம், நிர்வாக மென்பொருள் ஒரு முறை தொடங்கியதிலிருந்து அடுத்த முறை தொடங்கும்வரை இந்த எண் மாறக்கூடாது என்பது மட்டும்தான். ரீபூட்டுக்குப் பின் அதே எண்தான் கிடைக்கும் என்று எங்கும் உத்தரவாதம் இல்லை. புதிதாக ஒரு மாட்யூல் செருகியிருந்தாலோ, விஎல்ஏஎன் இன்டர்ஃபேஸ் ஒன்றை உருவாக்கியிருந்தாலோ, ஃபர்ம்வேரை மாற்றியிருந்தாலோ வரிசை நகர்ந்துவிடும். எம்ஆர்டிஜிக்கு அது தெரியாது. எண் 10-ஐக் கேட்கச் சொன்னீர்கள், அது கேட்டது.

இதைச் சரிசெய்ய இரண்டு இடம் உண்டு. சில சுவிட்ச்களில் எண்ணையே நிலையாக்கச் சொல்லலாம்: சிஸ்கோவில் 'எஸ்என்எம்பி-சர்வர் இஃப்இண்டெக்ஸ் பெர்சிஸ்ட்' என்று கொடுத்துச் சேமித்துவிட்டால் ரீபூட்டுக்குப் பின்னும் எண்கள் அப்படியே இருக்கும். ஆனால் உங்கள் சுவிட்ச் எந்த நிறுவனத்துடையது என்று நீங்கள் எழுதவில்லை, எல்லாச் சாதனத்திலும் இந்த வசதி இருக்காது. இன்னொரு வழி எங்கும் செல்லும்: சிஎஃப்ஜிமேக்கருக்கு இஃப்ரெஃப் என்ற விருப்பத்தைக் கொடுத்து, எண்ணுக்குப் பதில் வேறொன்றால் குறிக்கச் சொல்வது. அதற்குக் கொடுக்கக்கூடியவை எண், ஐபி, ஈதர்நெட் முகவரி, விவரணை, பெயர், வகை.

இவற்றில் எதை எடுப்பது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஐபி என்பது ரவுட்டருக்குப் பொருந்தும். லேயர் 2 சுவிட்ச்சின் போர்ட்டுக்கு ஐபி ஏது? ஐபி இல்லாத போர்ட்டெல்லாம் கமென்ட் ஆகிவிடும். ஈதர்நெட் முகவரி நல்ல யோசனை போலத் தோன்றும், ஆனால் பல சாதனங்களில் விஎல்ஏஎன் இன்டர்ஃபேஸ்கள் எல்லாம் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்ளும், அப்போது தனித்துக் குறிக்க முடியாது. வகை என்பது 48 ஈதர்நெட் போர்ட்டுக்கும் ஒன்றே, ஆகவே பயனில்லை. மிஞ்சுவது விவரணையும் பெயரும். சுவிட்ச்சில் இரண்டும் பொதுவாக நன்றாக வரும், பெயர் குட்டையாக இருக்கும் என்பதால் நான் பெயரையே சொல்வேன். லினக்ஸ் சர்வரில் விவரணையை எடுக்கவே எடுக்காதீர்கள்: அங்கே எஸ்என்எம்பிடி பல நேரம் நெட்வொர்க் கார்டின் தயாரிப்பாளர் பெயரையும் மாடலையும் விவரணையாகத் தருகிறது. ஒரே மாதிரி இரண்டு கார்டு இருந்தால் இரண்டுக்கும் ஒரே விவரணை, அவ்வளவுதான். தேர்ந்தெடுத்தபின் டார்கெட் வரியைப் பாருங்கள். பெயரால் குறித்தால் எண்ணின் இடத்தில் # குறியும் பெயரும், விவரணையால் குறித்தால் பின்சாய்வுக் கோடும் விவரணையும், ஐபியால் குறித்தால் சாய்வுக் கோடும் முகவரியும் இருக்கும். இந்தக் குறிகளைப் பார்த்தே கோப்பு எப்படி உருவானது என்று சொல்லிவிடலாம்.

பெயரால் குறித்தாலும் எம்ஆர்டிஜி சுவிட்ச்சிடம் கேட்பது எண்ணை வைத்துத்தான். எந்தப் பெயருக்கு எந்த எண் என்பதைக் கண்டுபிடித்து, கான்ஃபிக் பெயரோடு 'ஓகே' என்ற பின்னொட்டு உள்ள ஒரு சிறு கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் கோப்பு அங்கே கிடப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சந்தேகம் வந்தால் அழித்துவிடலாம், அடுத்த ஓட்டத்தில் புதிதாக எழுதிக்கொள்ளும்.

இங்கே ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும், முன்பே தெரிந்துகொள்ளுங்கள். குறிக்கும் முறையை மாற்றினால் டார்கெட்டின் பெயரும் மாறும், அளவீடுகளைச் சேமிக்கும் லாக் கோப்பின் பெயர் டார்கெட் பெயரிலிருந்து வருவதால் பழைய வரலாறு அறுந்துவிடும். எம்ஆர்டிஜியை நிறுத்தி, பழைய லாக் கோப்பையும் அதன் 'ஓல்டு' நகலையும் புதிய டார்கெட் பெயருக்கு, எல்லாம் சிற்றெழுத்தில், மாற்றிவைத்தால் வரலாறு தொடரும். ஆனால் உங்கள் விஷயத்தில் நான் அதைச் செய்ய மாட்டேன். ரீபூட்டுக்கு முன் ஒரு போர்ட், பின் வேறொரு போர்ட் என்று கலந்துபோன லாக்கைச் சுமந்துகொண்டு போவதில் என்ன லாபம்? பழையதை ஒரு மூலையில் எடுத்துவைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

அடுத்தது கமென்ட் ஆன போர்ட்டுகள். இதற்கு ஊகமே தேவையில்லை. கோப்பிலேயே ஒவ்வொரு தொகுதிக்கும் மேல் இந்த இன்டர்ஃபேஸ் ஏன் கமென்ட் செய்யப்பட்டது என்று மூன்று # குறியோடு எழுதியிருக்கும். படிக்காமல் # குறிகளை ஒட்டுமொத்தமாக அழிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பெரும்பாலான வரிகளில் காரணம், அந்த நேரத்தில் போர்ட் செயல்நிலையில் டவுன் என்று இருக்கும். கேபிள் செருகாத, எதிர்முனைக் கணினி அணைந்திருந்த போர்ட்டுகள் இவை. ராத்திரி ஓட்டினீர்களானால் அலுவலகம் முழுக்க டவுன்தான். இதற்கு ஷோ-ஆப்-டவுன் என்ற விருப்பம் உண்டு. செயல்நிலையில் டவுன் ஆனவற்றைச் சேர்த்துக்கொள்ளும், நிர்வாகியே மூடி வைத்தவற்றை விட்டுவிடும். நோ-டவுன் என்று இன்னொன்று உண்டு. அது எந்த நிலையையும் பார்க்காது, மூடி வைத்த போர்ட்டையும் சேர்த்துவிடும். பலர் இதைத்தான் எழுதி வைக்கிறார்கள், ஆனால் உங்களுக்கு வேண்டியது முதலாவது. அலுவலகச் சுவிட்ச்சில் மூடிய போர்ட்டின் காலி வரைபடம் யாருக்கும் பயனில்லை.

லூப்பேக் (சாதனம் தன்னோடு தானே பேசும் உள் இன்டர்ஃபேஸ்), வேகம் 0 என்று சொல்லும் இன்டர்ஃபேஸ் இரண்டும் மற்றக் காரணங்கள். லூப்பேக்கை விட்டுத்தள்ளுங்கள். வேகம் 0 என்பதற்கு ஜீரோ-ஸ்பீடு விருப்பத்தில் ஒரு எண் கொடுக்கலாம், அது வினாடிக்கு பிட் கணக்கில். 1 ஜிகாபிட் என்றால் 1000000000. இங்கே பைட் கணக்கில் போட்டுவிட்டு வரைபடம் எட்டில் ஒரு பங்கில் நின்றுவிடுகிறது என்று குழம்புவோர் உண்டு.

எட்டால் வகுக்கும் அந்த விஷயம் அப்லிங்க் தொல்லைக்கும் வழி. கோப்பில் ஒவ்வொரு டார்கெட்டுக்கும் மேக்ஸ்பைட்ஸ் என்று ஒரு வரி இருக்கும், சுவிட்ச் சொன்ன வேகத்தை எட்டால் வகுத்தது. 100 மெகாபிட்டுக்கு 12500000, ஒரு ஜிகாபிட்டுக்கு 125000000. இந்த எண்ணைத் தாண்டிய அளவீட்டை எம்ஆர்டிஜி நம்பாது, தூக்கி எறிந்துவிடும். எறிந்துவிட்டு வெற்றிடம் விடுவதும் இல்லை. இயல்பாக முந்தைய அளவீட்டையே திரும்பப் போடும். அதனால் வரைபடத்தில் தட்டையாக ஒரு கோடு ஓடினால் அது நிஜமான சீரான டிராஃபிக் அல்ல, அளவீடு கிடைக்கவில்லை என்பதாகவும் இருக்கலாம். ஆப்ஷன்ஸ் வரியில் அன்நாஸ்ஜீரோ சேர்த்தால் கிடைக்காதபோது 0 என்று எழுதும், ஓட்டை கண்ணுக்குத் தெரியும். கண்காணிப்புக்கு அது நேர்மையானது என்பது என் கருத்து.

உங்கள் அப்லிங்க்குக்கு மேக்ஸ்பைட்ஸ் 125000000 என்று இருந்தால் இந்தக் காரணம் இல்லை. 12500000 என்று ஒரு சுழியம் குறைவாக இருந்தால், கட்டளையை ஓட்டிய வேளையில் அந்த லிங்க் 100 மெகாபிட்டில் பேசிக்கொண்டிருந்தது. சுவிட்ச் தவறான வேகம் சொல்வது டனல் இன்டர்ஃபேஸ்களில் சகஜம். பழைய சிஸ்கோ ஐஓஎஸ் டனலுக்கு 9 கிலோபிட் என்று சொல்லும், மேக்ஸ்பைட்ஸ் 1125 ஆகும், வரைபடத்தில் எதுவுமே தேறாது. மெய்நிகர் கணினிகளில் எஸ்என்எம்பிடிக்கு வேகம் தெரியாதபோது 10 மெகாபிட் என்று சொல்லிவிடும். இரண்டையும் மூலத்திலேயே திருத்துவது நல்லது: ரவுட்டரில் அந்த இன்டர்ஃபேஸுக்கு பேண்ட்வித் கொடுங்கள், எஸ்என்எம்பிடி கான்ஃபிக்கில் 'இன்டர்ஃபேஸ்' வரியில் பெயர், வகை 6, வேகம் மூன்றையும் எழுதுங்கள். கான்ஃபிக் கோப்பில் திருத்தினால் அடுத்த முறை கட்டளை ஓட்டும்போது பழைய எண் வந்து உட்கார்ந்துவிடும்.

ஆனால் நீங்கள் சொன்ன அறிகுறி, நெரிசலில் ஏறாமல் இறங்குவது, எனக்குக் கடந்துபோன பைட்டுகளை எண்ணும் 32 பிட் கவுன்ட்டரையே காட்டுகிறது. கணக்கைப் பாருங்கள். 32 பிட் கவுன்ட்டர் 4,294,967,296 பைட் வரை எண்ணி மறுபடி 0-இலிருந்து தொடங்கும். எம்ஆர்டிஜி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, 300 வினாடிக்கு ஒருமுறை கேட்கிறது. அந்த 300 வினாடியில் ஒரு சுற்று முடிய சராசரியாக வினாடிக்கு 114.5 மெகாபிட் ஓடினால் போதும். ஒருமுறை சுற்றியதை எம்ஆர்டிஜி கண்டுபிடித்துக் கூட்டிக்கொள்ளும், அதற்கு மேல் சுற்றினால் ஒரு முழுச் சுற்று காணாமல் போகும். நிஜத்தில் 200 மெகாபிட் ஓடினால் வரைபடம் 85 என்று காட்டும், 300 ஓடினால் 71. முழு வேகத்தில் ஜிகாபிட் லிங்க்கின் கவுன்ட்டர் 34 வினாடிக்கு ஒருமுறை சுற்றும். டிராஃபிக் கூடக் கூட வரைபடம் இறங்குவது இதனால்தான். எம்ஆர்டிஜியின் மேல் கோபப்படுவதில் நியாயமில்லை. டோபியாஸ் ஓட்டிக்கர் 1994-இல் அதைத் தொடங்கியது 64 கிலோபிட் லைன் ஒன்றைப் பார்ப்பதற்காக, அந்த வேகத்தில் இதே கவுன்ட்டர் ஒரு சுற்று வர ஆறு நாளுக்கு மேல் ஆகும்.

உங்கள் வரைபடம் 114 மெகாபிட்டைத் தாண்டியதே இல்லையா என்று பாருங்கள். மேக்ஸ்பைட்ஸ் 125000000 என்று இருந்தும் ஒரு வருடப் படம்வரை எங்கும் தாண்டவில்லை என்றால் காரணம் இதுதான். தாண்டுகிறதோ இல்லையோ, ஒரு குறிப்பிட்ட உச்சத்தில் நின்று தட்டையாகிறது என்றால் மேக்ஸ்பைட்ஸைப் பாருங்கள். தீர்வு 64 பிட் கவுன்ட்டர், அது எஸ்என்எம்பி பதிப்பு 1-இல் கிடைக்காது, பதிப்பு 2சி அல்லது 3 வேண்டும். சிஎஃப்ஜிமேக்கருக்கு எஸ்என்எம்பி-ஆப்ஷன்ஸ் விருப்பத்தில் ஐந்து முக்காற்புள்ளியும் அதன்பின் 2-ம் கொடுங்கள், அதாவது :::::2. காலியாக விட்ட இடங்கள் முறையே போர்ட், காத்திருக்கும் நேரம், மறுமுயற்சி, பின்வாங்கல், கடைசியில் பதிப்பு. முக்காற்புள்ளியை எண்ணிப் போடுங்கள். நான்கு போட்டால் அந்த 2 பின்வாங்கலுக்குப் போய்விடும், பதிப்பு பழையபடி 1-தான். பிழையும் வராது. டார்கெட் வரியின் வாலில் :::::2 இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். சுவிட்ச் உண்மையாகவே 64 பிட் தருகிறதா என்பதை 1.3.6.1.2.1.31.1.1.1.6 என்ற எண்கோவையை எஸ்என்எம்பிவாக்கில் கேட்டு உறுதிசெய்யலாம். அதே ஆர்எஃப்சி 2863 வினாடிக்கு 20 மெகாபிட்டுக்கு மேலான இன்டர்ஃபேஸ்களுக்கு 64 பிட் பைட் கவுன்ட்டர் வேண்டும் என்கிறது. மிகப் பழைய, மலிவான சாதனங்கள் இதை மதிக்காமல் இருக்கலாம், அப்போது கேட்கும் இடைவெளியைக் குறைப்பது தவிர வழியில்லை.

இப்போது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்ப்போம். ஒரு சிறு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுங்கள். அதில் சிஎஃப்ஜிமேக்கர், அதற்கு குளோபல் விருப்பம் இரண்டு முறை: ஒன்றில் ஒர்க்டிர் என்ற சொல்லும் பக்கங்கள் போய்ச் சேரும் அடைவும், இன்னொன்றில் 'ஆப்ஷன்ஸ்[_]: பிட்ஸ், குரோரைட்'. சதுர அடைப்புக்குறியை ஷெல் தன் வழியில் அர்த்தப்படுத்திக்கொள்ளும் என்பதால் இரண்டையும் ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். ஒர்க்டிர் இல்லாமல் உருவான கோப்பை எம்ஆர்டிஜி ஏற்காது. பிட்ஸ் போடாவிட்டால் பைட்டில் காட்டும், குரோரைட் போடாவிட்டால் இப்போதைய நேரம் இடப்பக்கம் இருக்கும். பின்பு இஃப்ரெஃப் பெயர், இஃப்டெஸ்க் ஆலியாஸ், ஷோ-ஆப்-டவுன், எஸ்என்எம்பி-ஆப்ஷன்ஸ் :::::2, அவுட்புட்டுக்குப் புதிய கோப்பின் பெயர், கடைசியில் கம்யூனிட்டி@சுவிட்ச். ஆலியாஸ் என்பது சுவிட்ச்சில் நீங்கள் போர்ட்டுக்கு எழுதிவைத்த குறிப்பு, பக்கத் தலைப்பில் அதுவே வரும். சுவிட்ச்சில் குறிப்பு எழுதும் பழக்கம் இல்லாதவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. ஒரே கட்டளையில் பல சாதனங்களைக் கொடுக்கலாம், ஆனால் ஒரு விருப்பம் தனக்குப் பின்னால் வரும் சாதனங்களுக்கு மட்டுமே பொருந்தும். சாதனத்தின் பெயரை முதலில் எழுதிவிட்டு இஃப்ரெஃப்பைக் கடைசியில் போட்டால் அது காற்றோடு போகும்.

ஸ்கிரிப்ட் நேராக ஓடிக்கொண்டிருக்கும் கோப்பின் மேல் எழுத வேண்டாம். புதிய பெயரில் எழுதி, வேறுபாடுகளைக் காட்டும் டிஃப் கொண்டு பழையதோடு ஒப்பிட்டு, எம்ஆர்டிஜியைச் செக் விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டி, பிழை இல்லை என்றால் பெயரை மாற்றி இடத்தில் வையுங்கள். அந்த டிஃப்பில்தான் விஷயமே தெரியும்: எந்த போர்ட் புதிதாக வந்தது, எதன் வேகம் மாறியது, எது திடீரென்று கமென்ட் ஆனது. தவிர்க்க முடியாத கைத்திருத்தங்களை செட் (sed) என்ற உரை திருத்தும் கட்டளையின் வரிகளாக அதே ஸ்கிரிப்ட்டில் போடுங்கள். அதே டார்கெட்டுக்கு இன்னொரு மேக்ஸ்பைட்ஸ் வரியைக் கீழே சேர்த்தால் மேலெழுதும் என்று எண்ணாதீர்கள், இரட்டை வரையறை என்று எம்ஆர்டிஜி நின்றுவிடும். ஓட்டிய வெளியீட்டை இரண்டு வலக்குறிகளால் (>>) பழைய கோப்பின் வாலில் ஒட்டினாலும் இதே பிழைதான். சர்வர் சிபியு, வெப்பநிலை போல நீங்களே எழுதிய டார்கெட்டுகளுக்குத் தனிக் கோப்பு வைத்து, முதன்மைக் கோப்பிலிருந்து இன்க்ளூட் வரியால் இரண்டையும் இழுங்கள். அப்போது ஒர்க்டிரும் ஆப்ஷன்ஸும் முதன்மைக் கோப்புக்கு வந்துவிடும், சிஎஃப்ஜிமேக்கர் கட்டளையிலிருந்து அவற்றை எடுத்துவிடலாம்.

கையால் திருத்தும்போது வரி தொடக்கத்தின் இடைவெளி முக்கியம். முக்கியச் சொற்கள் வரியின் முதல் எழுத்திடத்திலேயே தொடங்க வேண்டும், இடைவெளியோடு தொடங்கும் வரி முந்தைய வரியின் தொடர்ச்சி. பேஜ்டாப்புக்குக் கீழே உள்ள எச்டிஎம்எல் வரிகள் எல்லாம் அப்படி உள்தள்ளி இருப்பவை. வெட்டி ஒட்டும்போது எடிட்டர் அந்த இடைவெளியைத் தின்றுவிட்டால், இந்த வரிக்கு அர்த்தம் இல்லை என்று வரி எண்ணோடு பிழை வரும். கம்யூனிட்டியில் @ குறியோ இடைவெளியோ இருந்தால் முன்னால் பின்சாய்வுக் கோடு போட வேண்டும்.

முதல் முறை எம்ஆர்டிஜியை ஓட்டும்போது, முனையம் யுடிஎஃப்-8-இல் இருந்தால் அது ஓட மறுக்கும். அதற்கு முன்னால் என்வ் லாங்=சி (லாங், சி இரண்டும் ஆங்கிலப் பேரெழுத்தில்) என்று சேர்த்து ஓட்டுங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓட்டும் க்ரான் வரியிலும் அதையே எழுதுங்கள், தொடக்கம் */5 * * * *. முதல் இரண்டு ஓட்டங்களில் லாக் கோப்பைப் படிக்க முடியவில்லை, பழைய நகலை நீக்க முடியவில்லை என்று எச்சரிக்கை வரும். இன்னும் இல்லாத கோப்பைத் தேடுகிறது, அவ்வளவுதான், மூன்றாவது ஓட்டத்தில் நின்றுவிடும். நான்காவதிலும் வந்தால் ஒர்க்டிர் அடைவில் எழுத அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு எம்ஆர்டிஜி ஓடிக்கொண்டிருக்கிறது, பூட்டுக் கோப்பு (லாக்ஃபைல்) இருக்கிறது என்று புகார் வந்தால், முந்தைய ஓட்டம் ஐந்து நிமிடத்தில் முடியவில்லை என்று பொருள். இயல்பிருப்பில் பதிலுக்கு 2 வினாடி காத்திருந்து 5 முறை முயலும், இறந்துபோன சாதனங்கள் சில இருந்தால் நேரம் அதிலேயே கரையும். அவற்றைக் கோப்பிலிருந்து எடுங்கள், அல்லது ஃபோர்க்ஸ்: 4 என்று கொடுத்து ஒரே நேரத்தில் பல கேள்விகள் கேட்கச் செய்யுங்கள். முகப்புப் பக்கத்துக்கு இண்டெக்ஸ்மேக்கர் இருக்கிறது, கான்ஃபிக் மாறும்போதெல்லாம் அதையும் ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியாக ஓட்டினால் போதும்.

கான்ஃபிக் கோப்பின் ஒவ்வொரு டார்கெட் வரியிலும் உங்கள் கம்யூனிட்டி அப்படியே எழுத்தாக இருக்கிறது. வலைப்பக்கங்கள் இருக்கும் அடைவில் அதை வைக்காதீர்கள், 640 அல்லது 600 அனுமதி கொடுங்கள், ஸ்கிரிப்ட்டுக்கும் அதே. கட்டளை ஓடும் நேரத்தில் அதே கணினியில் உள்ள வேறு பயனர் பிஎஸ் (ஓடும் நிரல்களின் பட்டியல்) போட்டுப் பார்த்தாலும் கம்யூனிட்டி தெரியும். சுவிட்ச்சில் இதற்கென்று படிக்க மட்டும் அனுமதி உள்ள தனிக் கம்யூனிட்டி ஒன்றை உருவாக்கி, அதையும் கண்காணிக்கும் கணினியின் முகவரிக்கு மட்டும் திறந்துவிடுங்கள். பதிப்பு 3-க்குப் போக விரும்பினால் எனேபிள்எஸ்என்எம்பிவி3 விருப்பமும் பயனர் பெயரும் கடவுச்சொற்களும் தேவை, பெர்ல் மொழியின் நெட்::எஸ்என்எம்பி மாட்யூலும் நிறுவியிருக்க வேண்டும். முதலில் 2சி-யில் வரைபடம் சரியாக வரட்டும், பிறகு அதற்குப் போங்கள். ஒரே நாளில் இரண்டையும் மாற்றினால் பதில் வராதபோது எது காரணம் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.